2001 நவம்பர் 19 அதிகாலை: சிம்ம எரிகல் புயலைப் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

நெடுவானம் | நவம்பர் 9, இரவு 8.40

நண்பர்களே, பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கியபோது பழைய ஒலிநாடா ஒன்று கையில் கிடைத்தது. உறையின் மேல் பென்சிலில் "நொபேயாமா, 19.11.2001, 2.30 முதல் 4.10 வரை" என்று எழுதி வைத்திருக்கிறேன். சிம்மராசிப் பக்கமிருந்து எரிகற்கள் மழைபோலக் கொட்டிய இரவு அது. அப்போது ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நொபேயாமா நாகானோ மாநிலத்தில் இருக்கிற மேட்டுநிலம், கடல்மட்டத்திலிருந்து 1,350 மீட்டர். 45 மீட்டர் விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கி அங்கேதான் நிற்கிறது. உடன் வேலை பார்த்த இரண்டு பேரோடு காரில் போய், அறுவடை முடிந்த முட்டைக்கோஸ் வயல் ஓரமாக உறங்குபைகளை விரித்துப் படுத்துக்கொண்டோம். அமாவாசை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நிலா மாலையிலேயே மறைந்துவிட்டது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே. எழுதும் அட்டையின் மேல் பனி படிந்து பென்சில் வழுக்கியதால் எழுதுவதை விட்டுவிட்டு, விழுந்த எரிகற்களை ஒலிப்பதிவுக் கருவியில் வாயால் சொல்லியே எண்ணினேன்.

நேற்று அந்த நாடாவை ஓட்டிக் கேட்டேன். 2.30 மணிக்கு என் குரல் நிதானமாக இருக்கிறது: "ஒன்று... ஒன்று... பிரகாசமானது, தடம் நிற்கிறது." நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு. மூன்று மணிக்கு மேல் சொற்கள் நெருங்குகின்றன. 3.19-க்குத் தொடங்கும் நிமிடத்தில் "ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று சேர்ந்து" என்று மூச்சு விடாமல் போகிறது. அந்த ஒரு நிமிடத்தில் 31. அதற்கடுத்த நிமிடத்தில் பதினோரு விநாடி நாடாவில் எண்ணிக்கையே இல்லை. நண்பர் ஒருவர் கத்துவது மட்டும் கேட்கிறது. தலைக்கு மேலே பச்சையாக ஒன்று வெடித்து, அதன் ஒளியில் வயலின் வரப்புகள் தெரிந்தன. அது விட்டுச்சென்ற புகைத்தடம் முதலில் கோடாக இருந்து, பிறகு வளைந்து, கடைசியில் கொக்கி போல ஆகி, ஏறக்குறைய ஆறு நிமிடம் நின்றது. அந்த ஆறு நிமிடமும் அதைச் சுற்றிப் புதிய கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன.

அந்த இரவை வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு எண்ணினீர்கள் என்பதோடு எழுதினால் மிகவும் நன்றாக இருக்கும்.

மொட்டைமாடி ஆசிரியர் | நவம்பர் 9, இரவு 10.15

நெடுவானம் ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் அந்த இரவு தர்மபுரி மாவட்டத்தில், பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் நாற்பது மாணவர்களோடு இருந்தேன்.

ஒரு நாளிதழ் "இரவு 9 மணி முதல் நட்சத்திர மழை" என்று போட்டுவிட்டது. ஊரே மாடியேறியது. 9 மணிக்குச் சிம்மராசி தொடுவானத்துக்கு வெகு கீழே இருந்தது. நம் பக்கம் அது தலைகாட்டவே நள்ளிரவு தாண்டிவிடும். பத்தரை வரை பார்த்துவிட்டுப் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு மாணவர்கள் மட்டும் பாயில் படுத்திருந்தார்கள். ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்த நேரம், வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகவே இல்லை.

பன்னிரண்டரை மணிக்குக் கிழக்கே ஒரு கிழிசல் விட்டது. அதிலிருந்து ஒரு நெருப்புக்கோடு புறப்பட்டு, வானம் முழுவதையும் நிதானமாகக் கடந்து, மேற்கே மேகத்துக்குள் நுழைந்தது. ஐந்து விநாடியாவது இருக்கும். பிறகு ஒன்றரை மணிக்கு இருபது நிமிடம் பாதி வானம் திறந்தது. 22 எண்ணினோம். கரும்பலகையில் எழுதிவைத்தேன். மறுநாள் அதை அழிக்க மனமில்லாமல் வேறு பலகையில் பாடம் நடத்தினேன்.

நெடுவானம் | நவம்பர் 9, இரவு 10.50

ஐயா, அந்த நீண்ட கோடு பூமியின் காற்றுமண்டலத்தை உரசிக்கொண்டு போனது. கதிர்ப்புள்ளி, அதாவது கோடுகள் எல்லாம் புறப்படுவதுபோலத் தெரியும் புள்ளி, தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போதுதான் அப்படி வரும். நான் அப்படி ஒன்றுகூடப் பார்க்கவில்லை, எங்களுக்குக் கதிர்ப்புள்ளி உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. புயலின் உச்சம் நம் நேரப்படி இரவு 11.46. உங்கள் ஊரில் கதிர்ப்புள்ளி உதிக்க அதற்கு மேல் அரை மணி ஆகியிருக்கும். அரை மணியில் உச்சத்தைத் தவறவிட்டீர்கள் என்றாலும், அந்த ஏழு பிள்ளைகளும் பார்த்ததை ஜப்பானில் இருந்த நாங்கள் பார்க்க முடியவில்லை.

புதுமுகம் | நவம்பர் 10, காலை 7.05

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 19. ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் "மணிக்கு 100 விண்கற்கள்" என்று செய்தி வருகிறது. போன ஆகஸ்டில் நண்பர்களோடு விடியவிடிய மாடியில் படுத்திருந்தேன். மணிக்கு ஆறு, ஏழுக்கு மேல் பார்க்கவில்லை. அந்த 100 என்பது யார் பார்த்த கணக்கு?

கணக்குப் பெட்டி | நவம்பர் 10, காலை 9.30

நியாயமான கேள்வி, தம்பி. அந்த 100 யாரும் கண்ணால் பார்த்த எண் அல்ல. இசட்.எச்.ஆர். என்பார்கள், தமிழில் உச்சி மணி வீதம் என்று சொல்லலாம். கதிர்ப்புள்ளி நேர் உச்சியில் இருந்து, 6.5 பிரகாச எண் வரையுள்ள மங்கலான நட்சத்திரம் தெரிகிற கும்மிருட்டு வானத்தில், ஒருவர் ஒரு மணி நேரத்தில் காணக்கூடிய எண்ணிக்கை. வெவ்வேறு ஊர்க்காரர்கள் எண்ணியதை ஒரே தராசில் வைப்பதற்காகக் கண்டுபிடித்த அளவு அது. செய்தி எழுதுபவர்கள் இந்த விளக்கத்தை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் போடுவதால்தான் இத்தனை ஏமாற்றமும்.

நெடுவானம் ஐயாவின் நாடாவையே கணக்கிடுவோம். ஒரு நிமிடத்தில் 31 என்றால் மணிக்கு 1,860. அந்த நேரத்தில் நொபேயாமாவில் கதிர்ப்புள்ளியின் உயரம் சுமார் 51 பாகை, அதன் சைன் மதிப்பு 0.78. வகுத்தால் 2,385. அங்கே 6.2 வரை நட்சத்திரம் தெரிந்தது என்று வைத்துக்கொண்டால் அதற்கான திருத்தம் ஏறக்குறைய 1.23 மடங்கு. பெருக்கினால் 2,930. உலகெங்கும் வந்த எண்ணிக்கைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது கிடைத்த உச்சம் 3,400-ஐ ஒட்டி இருந்தது. வயல் வரப்பில் படுத்திருந்த ஒருவருடைய ஒற்றை நிமிடம் இவ்வளவு அருகே வந்து நிற்பது சாதாரணமல்ல.

நகரத்தில் 4.5 வரைதான் நட்சத்திரம் தெரிகிறது என்றால் நான்கில் மூன்று பங்கு அங்கேயே போய்விடும். கதிர்ப்புள்ளி தாழ்வாக இருந்தால் மிச்சமும் குறையும். தம்பி பார்த்த ஏழு, உண்மையான ஏழு. அதை நம்புங்கள்.

இயற்பியல் மாணவி | நவம்பர் 10, பிற்பகல் 1.20

ஐயா, நீங்கள் பார்த்தது எந்த ஆண்டின் தூசு என்று சொல்லலாமா? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

சிம்மப் பொழிவின் தாய், 55பி டெம்பல்-டட்டில் என்ற வால்நட்சத்திரம். 33 ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு வரவிலும் பனி ஆவியாகும்போது மணல் போன்ற தூசை உதிர்க்கிறது. அந்தத் தூசு உடனே பரந்து கலந்துவிடுவதில்லை. ஒவ்வொரு வரவுக்கும் ஒரு தனி மெல்லிய தடமாக நீள்கிறது. சூரிய ஒளி சிறு துகள்களைத் தள்ளுவதால் அவற்றின் சுற்று சற்றே நீண்டு, வால்நட்சத்திரத்துக்குப் பின்னால் தங்கி வருகின்றன. வியாழன் தன் ஈர்ப்பால் அந்தத் தடங்களை அங்குமிங்கும் நகர்த்துகிறது. எந்தத் தடம் எந்த ஆண்டு பூமியின் பாதைக்குக் குறுக்கே வரும் என்று ரஷ்யாவில் கோந்த்ரதியேவாவும் ரெஸ்னிகோவும் 1985-இலேயே கணக்கிட்டிருந்தார்கள். பிறகு ராபர்ட் மக்நாட்டும் டேவிட் ஆஷரும் 1999-க்கு "நவம்பர் 18, உலக நேரம் 2.08" என்று குறித்தார்கள். உச்சம் 2.02-ஐ ஒட்டி வந்தது. வெறும் ஆறு நிமிட வித்தியாசம்.

2001-இல் பூமி வெவ்வேறு தடங்களைக் கடந்தது. அமெரிக்காவின் மேல் விழுந்தது 1767-இல் உதிர்ந்தது. ஆசியாவின் மேல் முதலில் 1699-இன் தூசு, அடுத்து 1866-இன் தூசு. நாடாவில் 2.30 மணிக்கு ஐயா நிதானமாக எண்ணியதில் 1699-இன் துகள்கள் இருந்திருக்கும். 3.19-க்கு மூச்சு விடாமல் எண்ணியதில் பெரும்பாலானவை 1866-இல் கிளம்பியவை.

1865 டிசம்பரில் மார்செய் நகரில் டெம்பல் அந்த வால்நட்சத்திரத்தை முதன்முதலில் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் அமெரிக்காவில் டட்டில் தனியாகக் கண்டார். அதே வரவில், அவர்கள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அது உதிர்த்த தூசுதான் நான்கு சுற்றுச் சுற்றி, 135 ஆண்டு கழித்து, முட்டைக்கோஸ் வயலுக்கு மேலே எரிந்தது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நெடுவானம் | நவம்பர் 10, இரவு 8.10

அம்மா, இருபது ஆண்டுக்கு மேலாக அந்த இரவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2.30-க்கு விழுந்ததும் 3.19-க்கு விழுந்ததும் வேறு வேறு நூற்றாண்டுகளின் தூசு என்று எனக்குத் தெரியாது. நாடாவை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். இடையில், 2.50-ஐ ஒட்டி, சற்றுத் தணிவதுபோல இருக்கிறது. நிமிடவாரியாக எழுதி நாளை இங்கே போடுகிறேன்.

வடமராட்சியான் | நவம்பர் 11, அதிகாலை 2.35

வணக்கம். கணக்கைப் பற்றி மாணவி எழுதியது அருமை. ஆனால் 1998-ஐ மறந்துவிடக் கூடாது.

நான் அப்போது இத்தாலியில், பலெர்மோவில் இருந்தேன். நவம்பர் 16 இரவு வேலை முடித்து, ஒரு மணிக்கு மேல் நடந்து வந்துகொண்டிருந்தேன். வால்வெள்ளியின் தூசு மறுநாள் இரவுதான் உச்சம் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. திடீரென்று என் நிழல் எனக்கு முன்னால் தரையில் விழுந்து நகர்ந்தது. பின்னால் கார் வருகிறது என்று ஒதுங்கினேன். கார் இல்லை. திரும்பிப் பார்த்தால் வானத்தில் வெள்ளைத் தடம் ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. கடற்கரை மதிலில் உட்கார்ந்து விடியும்வரை பார்த்தேன். ஒவ்வொன்றும் வெள்ளிக் கிரகத்தை விடப் பிரகாசம். எண்ண வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. இன்றுவரை அதுதான் என் வருத்தம். ஸ்லோவாக்கியாவின் மோத்ரா வானாய்வகத்தில் அன்று நான்கு மணி நேரம் திறந்து வைத்த ஒரே படச்சுருளில் 156 தீப்பந்துகள் பதிவாகியிருக்கின்றன.

எதிர்பார்த்த நேரத்துக்குப் பதினாறு மணி நேரம் முன்னதாக அது வந்தது. கணித்தவர்களிடம் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் முதல் நாளும் மறுநாளும் வெளியே வந்து பாருங்கள்.

இயற்பியல் மாணவி | நவம்பர் 11, காலை 8.00

அண்ணா, நீங்கள் பார்த்தவை 1333-ஆம் ஆண்டு வரவில் உதிர்ந்த பெரிய துகள்கள். வியாழன் 14 சுற்று முடிக்கும்போது அவை 5 சுற்று முடிக்கின்றன. அந்த ஒத்திசைவு அவற்றைச் சிதறவிடாமல் ஆறரை நூற்றாண்டுக்கு மேல் கூட்டமாகவே வைத்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தது நிகழ்வு முடிந்த பிறகுதான். அதனால் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

கணக்குப் பெட்டி | நவம்பர் 11, காலை 8.45

1899-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1833-இல் வட அமெரிக்காவில் வானமே எரிந்தது. அன்றுதான் கோடுகள் எல்லாம் சிம்மத்தின் ஒரு புள்ளியிலிருந்து வருவதாக டெனிசன் ஓம்ஸ்டெட் காட்டினார். 1866-இல் சொன்னபடி ஐரோப்பாவில் வந்தது. அதனால் 1899-க்கு மக்கள் திரண்டு காத்திருந்தார்கள், புயல் வரவில்லை. வியாழனும் சனியும் தூசை விலக்கிவிட்டிருந்தன. இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்திருந்தபோது 1966-இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் விநாடிக்கு நாற்பது என்று மதிப்பிடும் அளவுக்குக் கொட்டியது.

பாலைவனத்துத் தமிழன் | நவம்பர் 11, பகல் 11.10

நான் அரிசோனாவில் இருக்கிறேன். 2022 மே 30 இரவு டௌ ஹெர்குலிட்ஸ் என்ற எரிகல் பொழிவைப் பார்க்கப் போனேன். 73பி என்ற வால்நட்சத்திரம் 1995-இல் உடைந்தது, அந்தச் சிதறல் பூமியைத் தொடலாம் என்று சொன்னார்கள். புயல் வரும் என்று எங்கும் ஒரே பேச்சு. இரண்டு மணி நேரத்தில் 27 பார்த்தேன். பக்கத்திலிருந்தவர்கள் "தோல்வி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அதை நான் ஏற்கவில்லை.

சிம்மப் பொழிவின் துகள்கள் நமக்கு எதிர்த்திசையிலிருந்து வருவதால் விநாடிக்கு 71 கிலோமீட்டர் வேகம். இவை 16 தான். கண்ணைத் திருப்பிப் பார்க்க நேரம் இருந்தது. மங்கலாக, சற்றே மஞ்சள் கலந்து, மெழுகுவத்தியை யாரோ இருட்டில் எடுத்துக்கொண்டு நடப்பதுபோலப் போயின. அன்று வர வேண்டும் என்றால் 1995-இல் அந்தத் துகள்கள் வழக்கத்தை விட வேகமாக வெளியே வீசப்பட்டிருக்க வேண்டும். அவை சொன்ன நேரத்தில் வந்து சேர்ந்தன. எனக்கு அது போதும்.

மொட்டைமாடி ஆசிரியர் | நவம்பர் 11, மாலை 6.30

எண்ணிக்கையைக் குறித்துவைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். புறநானூறு 229-ஐப் பாடல் என்று மட்டும் படித்துவிடுகிறோம். சேரன் இறப்பதற்கு ஏழு நாள் முன்பு விழுந்த மீனைப் பற்றிக் கூடலூர் கிழார் பாடியது. அதில் பங்குனி மாதத்தின் முற்பகுதி என்று காலம் இருக்கிறது. நள்ளிரவு என்று நேரம் இருக்கிறது. உச்சியிலிருந்து சாய்ந்த நாண்மீன் (நாள் நட்சத்திரம்), எதிரே எழுந்த நாண்மீன், மேற்கே மறையும் நாண்மீன் ஆகியவை இருக்கின்றன. கிழக்கும் போகாமல் வடக்கும் போகாமல் விழுந்தது என்று திசைகூட இருக்கிறது. இன்று நாம் நிரப்பும் படிவத்தில் இருக்க வேண்டியவை ஏறக்குறைய எல்லாம் அதில் இருக்கின்றன.

என் பாட்டி, மீன் விழுந்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்கச் சொல்வார். என் மாணவர்களிடம் நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

புதுமுகம் | நவம்பர் 11, இரவு 9.00

இவ்வளவு நாள் நான் வெறுமனே படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிக் குறிப்பது என்று யாராவது சொல்வீர்களா? மறுபடியும் புயல் எப்போது வரும்?

நெடுவானம் | நவம்பர் 11, இரவு 10.20

தம்பி, தொலைநோக்கி வேண்டாம், பைனாகுலரும் வேண்டாம். சாய்வுநாற்காலியோ பாயோ போதும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி கொடுங்கள். அதன் பிறகு கைப்பேசியைத் தொடாதீர்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். கதிர்ப்புள்ளியையே உற்றுப் பார்க்க வேண்டாம், அதிலிருந்து நாற்பது ஐம்பது பாகை தள்ளிப் பாருங்கள், கோடுகள் நீளமாகத் தெரியும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை நிமிடம் கண்ணை எடுத்தீர்கள், மேகம் எவ்வளவு, எவ்வளவு மங்கலான நட்சத்திரம் தெரிந்தது, இவை வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள். சிம்மத்தின் அரிவாள் வடிவத்துக்குள் போய் முட்டினால் சிம்மம், இல்லையென்றால் "மற்றவை". ஒன்றும் வராத கால்மணி நேரத்தையும் எழுதுங்கள். பூஜ்யமும் ஒரு எண்தான், அதை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

புயலைப் பற்றி மாணவி சொல்வார்.

இயற்பியல் மாணவி | நவம்பர் 12, காலை 7.40

டெம்பல்-டட்டில் அடுத்து 2031 மே மாதம் சூரியனை நெருங்குகிறது. அதையொட்டிய ஆண்டுகளில் சிம்மப் பொழிவு வழக்கத்தை விடக் கூடலாம். 2001 போன்ற புயலை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்கு முன்பு 2028 ஆகஸ்ட் 12 அன்று பெர்சியஸ் பொழிவில், ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் 1479-இல் விட்ட தடத்தைப் பூமி கடக்கும் என்று கணித்திருக்கிறார்கள். நம் நாட்டில் அது முற்பகல், அமெரிக்காவில் இரவு. அரிசோனா அண்ணா, நீங்கள் எங்களுக்காக எண்ண வேண்டும்.

பாலைவனத்துத் தமிழன் | நவம்பர் 12, காலை 9.15

எண்ணுகிறேன். நாடாவிலேயே பதிவு செய்கிறேன்.

புதுமுகம் | நவம்பர் 18, காலை 6.10

இப்போதுதான் மாடியிலிருந்து இறங்கினேன். கை இன்னும் சில்லிட்டிருக்கிறது. என் முதல் பதிவேடு:

இடம் திருவண்ணாமலைக்கு வெளியே, மாமா வீட்டு நெற்களம். அதிகாலை 4.00 முதல் 5.00 வரை. மேகம் இல்லை. 5.4 வரை நட்சத்திரம் தெரிந்தது. கண்ணை எடுத்தது 3 நிமிடம், நாய் ஒன்று பாயில் வந்து படுத்துக்கொண்டதால். சிம்மம் 4, மற்றவை 6. மற்றவற்றில் இரண்டு மிகவும் மெதுவாக, ஆரஞ்சு நிறத்தில், கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்திலிருந்து வந்தன. 4.15 முதல் 4.30 வரை ஒன்றுமில்லை. 4.47-க்கு ஒரு சிம்மம், வியாழன் அளவுக்குப் பிரகாசம், தடம் மூன்று விநாடி நின்றது. நான்தான் கத்திவிட்டேன், களத்தில் படுத்திருந்த மாமா எழுந்துவிட்டார்.

நெடுவானம் | நவம்பர் 18, காலை 6.35

அருமையான பதிவேடு, தம்பி. மெதுவாக வந்த அந்த இரண்டும் பெரும்பாலும் ரிஷபப் பொழிவு, எங்கி வால்நட்சத்திரத்தின் தூசு. அவற்றைத் தனி வரியில் எழுதுங்கள். 4.47-இல் விழுந்தது எந்தத் திசையில் முடிந்தது என்று குறித்தீர்களா?

புதுமுகம் | நவம்பர் 18, காலை 6.41

தென்மேற்கு. மலைக்குச் சற்று இடப்பக்கம்.